பெல்லாரித் திண்ணைப்பள்ளியில் ஒரு நாள்

சென்னை மாகாண ஆளுநராக விளங்கிய தாமஸ் மன்றோ, மாவட்டந்தோறும் எத்தனை பள்ளிகள் உள்ளன, அவற்றில் எவரெவர் பயில்கின்றனர் என்று கணக்கெடுக்குமாறு 1822ஆம் ஆண்டு சூன் திங்களில் ஆணையிட்டார். ஆட்சியர் பலர் அட்டவணையை நிரப்பி அனுப்பியதோடு அமைந்தனர். பெல்லாரி ஆட்சியர் ஏ. டி. காம்பெல், 1823 ஆகஸ்டில் எழுதிய அறிக்கையிலோ ஒரு பள்ளிநாள் முழுமையும் நம் கண்முன் நிற்கின்றது. அதனையே ஈண்டுக் காண விழைகின்றோம்.

பெல்லாரி இன்று கருநாடகத்தைச் சேர்ந்தது. அன்று அங்கிருந்த 533 பள்ளிகளுள் கன்னடப் பள்ளிகள் 235, தெலுங்குப் பள்ளிகள் 226, பாரசீகப் பள்ளிகள் 21. தமிழ்ப் பள்ளிகள் நான்கே. ஆயினும் கற்பித்த முறை நம் ஊர்த் திண்ணைப்பள்ளிகளின் முறைக்கு அயலானதன்று.

காலை ஆறு மணிக்குப் பள்ளி தொடங்கும். முதலில் வந்த மாணவனின் உள்ளங்கையில் சிறப்பின் அடையாளமாகக் கலைமகளின் பெயர் எழுதப்படும். இரண்டாமவனுக்குச் சுழி, புகழுமில்லை, பழியுமில்லை என்பது பொருள். மூன்றாமவனுக்கு மெல்லியதோர் அடி, நான்காமவனுக்கு இரண்டு என வரவர அடி ஏறும். சோம்பல் மிக்கவனை இரு கைகளையும் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிடுவதும், ஓயாது மண்டியிட்டு எழச் செய்வதும் உண்டாம். பழமை என்பதற்காக இக்கொடுமையை நாம் போற்றுதல் இயலாது.

அனைவரும் கூடியபின் மாணாக்கர் பெரும்பாலும் நான்கு வகுப்புகளாகப் பிரிக்கப்படுவர். கீழ்வகுப்புகளைச் சட்டாம்பிள்ளைகள் கவனிப்பர். மேல்வகுப்பை ஆசிரியரே நடத்துவார். அவர் பார்வை பள்ளி முழுவதும் சென்றுகொண்டிருக்கும். எழுத்தை முதலில் வாயால் ஒப்பித்துக் கற்பதில்லை. விரலால் மணலில் எழுதியே கற்பர். கை பழகியபின் எழுத்தாணியும் ஓலையும் வரும். அரிசிப்பசையும் கரித்தூளும் பூசிய மடிப்புத் துணியும் உண்டு. ஈரத்துணியால் துடைத்துவிட்டு மீண்டும் எழுதலாம்.

முன்னேறிய மாணவன் பின்தங்கியவனுக்குக் கற்பிக்கும் இம்முறையைக் காம்பெல் மனமாரப் பாராட்டுகின்றார்; இங்கிலாந்து இதனைப் பின்பற்றியது தகுமென்கின்றார். அதற்கு ஒரு வரலாறு உண்டு. சென்னை எழும்பூரில் படைவீரர்தம் ஆதரவற்ற சிறுவர்க்காக 1789இல் அமைந்த இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதக் கண்டு, அதனைத் தம் பள்ளிக்குக் கொணர்ந்தார். 1797இல் அவர் வெளியிட்ட நூலின் வாயிலாக, மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் 'சென்னை முறை' இங்கிலாந்தில் பரவிற்று.

எனினும், குறையையும் காம்பெல் மறைத்தாரல்லர். பாடநூல்கள் பேச்சுவழக்கினின்றும் வேறான செய்யுள் நடையில் இருந்தமையால், மாணவர் பொருளறியாது கிளிபோல் ஒப்பித்தனர் என்பது அவர் கருத்து. தமிழ் பயிற்றும் நமக்கு இன்றும் உறைக்கும் சொல் இது!

மாகாணம் முழுமைக்கும் மன்றோ 1826இல் தொகுத்த கணக்கில் பள்ளிகள் 12,498; மாணாக்கர் 1,88,650. அவருள் பெண்கள் 4,540 பேரே. இத்தொகையினுள் மலபார் தனித்து நிற்கின்றது. அங்கு முஸ்லிம் சிறுவர் 3,196 பேர் பயில, முஸ்லிம் சிறுமியர் 1,122 பேர் பயின்றனர். நம் சமுதாயப் பெரியோர் பலரும் அறியாத செய்தி இஃது என எண்ணுகின்றோம்.

பெல்லாரியிலோ ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்களுள் பள்ளி சென்றோர் 6,641 பேர். முன்பு பள்ளிகள் இருந்த ஊர்கள் பலவற்றில் அப்போது பள்ளியே இல்லை. ஆங்கிலத் துணிவகைகள் வந்து நம் நெசவை அழித்தமை உள்ளிட்ட காரணங்களால் நாடு வறுமையுற்றது என்றும், பிஞ்சுக் கைகால்கள் உழைக்கத் தக்கனவானவுடன் பெற்றோர் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பினர் என்றும் அந்த ஆங்கில ஆட்சியரே எழுதியுள்ளார்.