கூரைக்குள் தங்கும் ஈரலிப்பு

மலையகத்து லயன் காம்பராக்களில் தகரத்துக்குக் கீழே உரப்பைகளும் அட்டைகளும் பழைய சேலைகளும் கட்டப்பட்டிருப்பதை வாசகிகள் பலர் கண்டிருப்பீர்கள். இதைப் பார்த்து முகம் சுளிக்கும் உத்தியோகத்தர்கள் உண்டு. எனக்கோ அது குளிருக்கு எதிராகப் பெண்கள் தாமே கண்ட காப்பாகத் தெரிகிறது. நுவரெலியா நகரம் 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது. அங்கே வெறுந்தகரத்தின் கீழ் பச்சைக் குழந்தையைக் கிடத்த முடியுமா?

சாக்கு கட்டுவதால் தீங்கில்லை. அது நனைவதுதான் தீங்கு. குளிரைத் தடுப்பது சாக்கின் இடுக்குகளில் அடைபட்ட காற்று. அங்கே நீர் புகுந்தால் காப்பும் போய்விடும், பூஞ்சணமும் பிடிக்கும். ஈரலிப்பும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் வசிப்போருக்கு இருமல், இழுப்பு, ஆஸ்துமா அதிகம் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டி எடுத்துக்காட்டியது.

“கூரை ஒழுகுது மிஸ்” என்றார் ஒரு கொழுந்து பறிக்கும் அக்கா.

“மழை இல்லாத ராவுலயுமா அக்கா?”

“பனி கொட்டுற ராவுலதான் கூட.”

அப்படியானால் அது ஒழுக்கல்ல, தகரம் வியர்ப்பது. அடுப்பின் ஆவி, எங்கள் மூச்சு, அடுப்படியில் காயப்போட்ட நனைந்த படங்கு, எல்லாமே மேலெழுந்து குளிர்ந்த தகரத்தில் நீராகின்றன. மழையின்போது ஓரிடத்தில் மட்டும் சொட்டி, வளையமாகக் கறை விட்டால் ஒழுக்கு. விடியற்காலையில் தகரம் முழுதும் முத்து முத்தாக நின்றால் வியர்வை.

சுவரையும் இப்படிச் சோதிக்கலாம். ஓரடிச் சதுரப் பொலித்தீனை நான்கு பக்கமும் டேப்பால் இறுக ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். பொலித்தீனுக்கு உட்புறம் நீர் பூத்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்புறம் என்றால் அறைக் காற்றிலிருந்து வருகிறது.

பலர் ஒழுக்குக்குப் பயந்து சாக்கின் மேலே பொலித்தீன் விரிக்கிறார்கள். கீழிருந்து ஏறும் ஆவி அதில் முட்டிச் சாக்கையே நனைக்கும். பொலித்தீன் அறைப் பக்கமாக, சாக்கின் கீழே இருக்கட்டும். அடுப்புக்கு மேல் மட்டும் பொலித்தீனோ ரெஜிபோமோ வேண்டவே வேண்டாம், தீப்பிடிக்கும். தகரத்துக்கும் சாக்குக்கும் நடுவே இரண்டு அங்குலமாவது இடைவெளி விட்டு, காற்றோட இரு முனைகளையும் திறந்து விடுங்கள். படங்கை இஸ்தோப்பில் தொங்கவிடுங்கள். பானையை மூடிச் சமையுங்கள். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.

கறுத்துப்போன சாக்கை உதறாமல் மெல்லக் கழற்றி அப்புறப்படுத்துங்கள். உதறினால் பூஞ்சணத்தூள் வீடெங்கும் பரவும். அவ்வேளை பிள்ளைகள் வெளியே இருக்கட்டும்.

சுவரடியில் ஏறும் ஈரம் வேறு விடயம். பின்பக்கக் கான் மண்ணால் அடைபட்டிருந்தால் உள்ளே எதைப் பூசினாலும் நிற்காது. லயனின் கானையும் கூரையையும் ஒரு குடும்பம் தனியே திருத்த இயலாது. லயனிலுள்ள எல்லாப் பெண்களும் கையொப்பமிட்டு, தோட்ட நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுத்து, பிரதியொன்றைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அனுப்புங்கள். கடிதத்தில் எந்தெந்தக் காம்பராவில் இழுப்புள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றும் குறிப்பிடுங்கள்.