மீனுக்குத்தானே என்று தள்ளிவிடலாமா?



நம் தொழிலில் ஒரு பேச்சு உண்டு. பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கை மாட்டுக்காரர் மோந்து பார்த்துத் திருப்பிவிடுவார். "மீனுக்குத்தானே, கண்மாய்க்குப் போகட்டும்" என்பார்கள். கண்மாய் குத்தகைக்காரர்களும் விலை குறைவு என்று வாங்கிப்போய்த் தவிட்டோடு கலந்து போடுகிறார்கள். இது சரியா?

1960ஆம் ஆண்டு அமெரிக்கப் பண்ணைகளில் வளர்ந்த டிரௌட் மீன்களுக்குக் கூட்டங்கூட்டமாக ஈரலில் புற்றுக்கட்டி கண்டது. நம் நீலகிரி அவலாஞ்சியில் வெள்ளைக்காரர் காலம் முதல் வளர்க்கும் மீன் இனந்தான் இது. தீவனத்தில் சேர்த்த பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கில் இருந்த பூசண நஞ்சே காரணம் என்று பிறகு தெரிந்தது. அதே ஆண்டு இங்கிலாந்தில் பிரேசில் கடலைப் பிண்ணாக்கைத் தின்ற வான்கோழிகள் ஒரு லட்சத்துக்கும் மேல் மடிந்தன. இரண்டுக்கும் காரணம் அஃப்ளடாக்ஸின் என்னும் ஒரே நஞ்சு. நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே டிரௌட்டுக்குக் கட்டி வரும்.

மீனின் சிறுநீரகம் முதுகெலும்பை ஒட்டிக் கருஞ்சிவப்புப் பட்டையாக இருக்கும். அதிலும் கட்டி வருவதுண்டு. சில ரசாயனங்கள் கலந்த தண்ணீரில் டிரௌட் முட்டைகளை வைத்துச் சோதித்தபோது, வளர்ந்த மீன்களுக்கு ஈரலோடு சிறுநீரகத்திலும் கட்டி கண்டது. தானியத்திலும் காப்பிக்கொட்டையிலும் வரும் ஆக்ரடாக்ஸின் என்ற இன்னொரு பூசண நஞ்சு, எலிகளுக்குச் சிறுநீரகக் கட்டியை உண்டாக்கியது. மீனின் கட்டி தின்றவருக்குத் தொற்றாது. ஆனால் அந்த நஞ்சுள்ள சரக்கு நம் கடையிலும் இருக்கலாம் என்பதுதான் கவலை.

மனிதர் கதையும் உண்டு. 1974இல் ராஜஸ்தான், குஜராத் எல்லைக் கிராமங்களில் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். மாடு தின்றால் நஞ்சின் ஒரு பகுதி பாலிலும் இறங்கும். வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதும் போகாது. எண்ணெய் ஆட்டும்போது பெரும்பகுதி பிண்ணாக்கிலேயே தங்கிவிடும்.

நாம் செய்யக்கூடியவை எளியவை. கடலைப் பருப்பில் ஈரம் நூற்றுக்கு ஏழுக்கு மேல் இருந்தால் கொள்முதல் செய்யாதீர்கள். சுருங்கியது, நிறம் மாறியது, உடைந்தது ஆகியவற்றைப் பொறுக்கித் தனியே எடுங்கள். கிட்டங்கியில் மூட்டைகளைத் தரையில் அடுக்காமல் பலகைமேல், சுவரை விட்டுத் தள்ளி அடுக்குங்கள். ஐப்பசி அடைமழைக்கு முன் கூரை ஓட்டைப் பார்த்துவிடுங்கள். முந்தி வந்த சரக்கை முந்தி விற்றுவிடுங்கள்.

பூசணம் கண்ட மூட்டையை நல்ல சரக்கோடு கலக்காதீர்கள். மாட்டுக்கும் கோழிக்கும் மீனுக்கும் விற்காதீர்கள். ஒரு மூட்டை நஷ்டம் ஒரு நாளோடு போகும். கண்மாய் மீன் வளராமல் நின்றால் குத்தகைக்காரர் அடுத்த ஆண்டு நம் கடைப்படி ஏறமாட்டார். அந்த மீன் நம் வீட்டுச் சட்டிக்கும் வருகிறது என்பதை மறக்க வேண்டாம்.