தோல் கடை குமாஸ்தா தளபதியான கதை

முப்பத்தெட்டு வயசு. பெண்டாட்டி, நாலு குழந்தைகள். பார்க்காத வேலை இல்லை. உருப்பட்ட வேலையும் இல்லை. கடைசியில் அப்பாவின் தோல் கடையில், தம்பிகள் நிர்வாகத்தில் ஒரு குமாஸ்தா உத்தியோகம்.

'அட, நம்ம பக்கத்து சீட் ஆசாமி மாதிரி இருக்கே!' என்கிறீர்களா? 1860-ல் அமெரிக்காவின் கலீனா ஊரில் வாழ்ந்த யூலிஸிஸ் கிராண்ட் சார் அவர். நாலே வருஷத்தில், உள்நாட்டுப் போரில் வடக்குப் படை முழுவதற்கும் தலைமைத் தளபதி!

ராணுவக் கல்லூரியில் படித்தவர்தான். 39 பேரில் 21-வது ரேங்க். 1854-ல் வேலையை ராஜினாமா செய்துவிட்டு ஊர் திரும்பும்போது, நியூயார்க்கில் ஹோட்டல் பில் கட்டக் காசில்லை. கைகொடுத்தவர் கல்லூரி நண்பர் பக்னர். பிறகு விவசாயம் செய்தார், நஷ்டம். தெருவில் விறகு விற்றார். 1857 கிறிஸ்துமஸ் சமயம் தங்க வாட்ச்சை 22 டாலருக்கு அடகு வைத்தார்.

1861-ல் போர் மூண்டது. அடிமை முறையை விடமாட்டோம் என்று தெற்கு மாநிலங்கள் பிரிந்து போக, ராணுவத்துக்கு ஆள் தேவைப்பட்டது. குமாஸ்தா குதிரை ஏறினார்.

1862 பிப்ரவரி. டொனல்சன் கோட்டையை வளைத்தார். 'என்ன நிபந்தனையில் சரணடையலாம்?' என்று உள்ளேயிருந்து கடிதம். 'நிபந்தனையெல்லாம் கிடையாது' என்று பதில் போனது. கடிதம் எழுதியவர் யார் தெரியுமோ? அதே பக்னர்! சரணடைந்த பிறகு கிராண்ட் அவரைத் தனியே அழைத்து, 'செலவுக்கு வேணுமா?' என்று தன் பர்ஸை நீட்டினார். யுத்தம் வேறு, பழைய பாக்கி வேறு.

அவர் இனிஷியல் யு.எஸ். 'அன்கண்டிஷனல் சரண்டர்' என்று பத்திரிகைகள் விரித்தன. சுருட்டோடு சண்டை போட்டார் என்றும் எழுதின. ரசிகர்கள் பெட்டி பெட்டியாகச் சுருட்டு அனுப்பினார்கள். அதற்கான பில் பின்னால் வரும்.

1863-ல் 47 நாள் முற்றுகையில் விக்ஸ்பர்க் விழுந்தது. மறுவருஷம் கோல்டு ஹார்பரில் ஒரே காலையில் அவருடைய வீரர்கள் ஆயிரக்கணக்கில் செத்தும் காயம்பட்டும் விழுந்தார்கள். 'கசாப்புக்காரன்' என்று திட்டினார்கள். அந்தத் தாக்குதலுக்காக வருந்துவதாகப் பின்னால் அவரே எழுதினார்.

1865 ஏப்ரல் 9. தெற்குத் தளபதி லீ பளபள யூனிஃபாரத்தில் சரணடைய வந்தார். ஜெயித்தவரோ சேறு படிந்த பூட்ஸோடு போனார். தோற்றவர்கள் குதிரைகளை ஊருக்கு ஓட்டிப் போகலாம், உழவுக்கு ஆகும் என்றார். பசித்த எதிரிகளுக்கு ரேஷன் கொடுத்தார். வெற்றி வேட்டு போட்ட தன் ஆட்களை அடக்கினார்.

அப்புறம் இரண்டு தடவை ஜனாதிபதி. 1884-ல் பங்காளி ஏமாற்றியதில் கம்பெனி திவால். 1,50,000 டாலர் கடன் கொடுத்த வாண்டர்பில்ட், 'விடுங்க, வேண்டாம்' என்றார். கிராண்ட் கேட்கவில்லை. போர் வாள்கள், பதக்கங்கள் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

அதே வருஷம் தொண்டைப் புற்றுநோய். சுருட்டு பில்!

குடும்பத்துக்கு ஏதாவது விட்டுப் போக வேண்டுமே? சுயசரிதை எழுத உட்கார்ந்தார். பேச முடியாமல் துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டிய நாட்களிலும் புத்தகம் நிற்கவில்லை. முடித்த சில நாளில், 1885 ஜூலை 23-ல் போய்ச் சேர்ந்தார். மார்க் ட்வைன் பதிப்பித்த அந்தப் புத்தகம் மனைவிக்குச் சுமார் நாலரை லட்சம் டாலர் சம்பாதித்துக் கொடுத்தது.

இறுதி ஊர்வலத்தில் மரியாதை செலுத்தியவர்களில் ஒருவர், பக்னர்.

பி.காம். படித்தவன் நான். முப்பத்தெட்டு வயசில் யாருக்கும் ஃபைனல் அக்கவுண்ட் போடக்கூடாது என்பதை இவரிடம்தான் கற்றுக்கொண்டேன்.