சிறுமியின் உள்ளாடை எந்நேரமும் ஈரமா? இடம் மாறிய சிறுநீரகம் காரணமாக இருக்கலாம்

முறையாகக் கழிப்பறைக்குச் சென்றுவரும் சிறுமியின் உள்ளாடை இரவும் பகலும் ஈரமாகவே இருந்தால், அதைச் சோம்பல் என்றோ கெட்ட பழக்கம் என்றோ கருதிக் கண்டிப்பது தவறாக முடியலாம். பிறவியிலேயே இடம் மாறி அமைந்த சிறுநீரகத் திசு அதற்கு ஓர் அரிய காரணமாக இருக்கக்கூடும்.

எவ்வாறு உருவாகிறது?

கருவின் 5-வது வாரத்தில் இடுப்புப் பகுதியில் உருவாகத் தொடங்கும் சிறுநீரகம், 9-வது வாரத்துக்குள் படிப்படியாக மேலேறி, விலா எலும்புகளின் அருகே நிலைகொள்கிறது. இப்பயணம் தடைபட்டால் சிறுநீரகம் இடுப்புக் குழியிலேயே தங்கிவிடும். மிக அரிதாக அது மார்புப் பகுதி வரை சென்றுவிடுவதும் உண்டு. சுமார் ஆயிரத்தில் ஒருவருக்கு இத்தகைய இடமாற்றம் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. பெரும்பாலானோருக்கு இதனால் எந்தத் தொல்லையும் ஏற்படுவதில்லை.

ஏன் கசிகிறது?

சில சிறுமிகளுக்கு, முழு வளர்ச்சி பெறாத சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய் சிறுநீர்ப்பையில் சேராமல் பிறப்புறுப்புப் பாதையில் திறந்துவிடுகிறது. சிறுநீரை அடக்கும் தசைக்கு அப்பால் அது திறப்பதால், கசிவைக் கட்டுப்படுத்துவது குழந்தையால் இயலாது. ஆண் குழந்தைகளுக்கு இக்குழாய் அத்தசைக்கு மேலேயே திறப்பதால் இத்தகைய கசிவு ஏற்படுவதில்லை.

கண்டறிவது எப்படி?

சிறிய சிறுநீரகம் குடலுக்குப் பின்னால் மறைந்திருந்தால், அல்ட்ராசவுண்ட் பரிசோதனையில் 'ஒரே சிறுநீரகம்' என்று முடிவு வரக்கூடும். கசிவு தொடர்ந்தால் அந்த முடிவோடு நின்றுவிடக் கூடாது. டிஎம்எஸ்ஏ ஸ்கேன், எம்ஆர்ஐ ஆகியவை மறைந்துள்ள திசுவைக் காட்டிக்கொடுக்க உதவும். செயல்படாத சிறுநீரகத்தை அறுவை சிகிச்சை மூலம் அகற்றினால் கசிவு நின்றுவிடும். நலமாக உள்ள மற்றொரு சிறுநீரகம் உடலுக்குப் போதுமானது. ஓரளவு செயல்படும் சிறுநீரகம் எனில், குழாயைச் சிறுநீர்ப்பையுடன் இணைக்கலாம்.

எங்கு அணுகலாம்?

கர்நாடக மாநிலம் மைசூருவில், மைசூரு மருத்துவக் கல்லூரியின் கீழ் இயங்கும் செலுவாம்பா மருத்துவமனை, பெண்கள் மற்றும் குழந்தைகளுக்கான அரசு மருத்துவமனையாகும். மேலும், 2013-ஆம் ஆண்டு மத்திய அரசு தொடங்கிய தேசிய சிறார் நலத்திட்டத்தின் கீழ், மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரு முறையும், அரசுப் பள்ளிகளுக்கு ஒரு முறையும் சென்று பிறவிக் குறைபாடுகளைப் பரிசோதிக்கின்றனர். அப்போது, குழந்தையின் உள்ளாடை ஈரமில்லாமல் இருக்கும் நேரம் உண்டா என்பதைப் பெற்றோர் கவனித்துத் தெரிவிப்பது, நோயைக் கண்டறிவதற்கான முக்கியத் துப்பாக அமையும்.