பட்டுச் சட்டை போட்ட போர்வீரன்!

இந்தத் தடவை உங்களுக்கு ஓர் ஓவியத்தை அறிமுகப்படுத்துகிறேன்.

ஓவியத்தின் பெயர் 'பாஷி-பஸூக்'. வரைந்தவர் ழான்-லியோன் ஜெரோம் (1824–1904) என்ற பிரெஞ்சு ஓவியர். 1868-69இல் வரைந்தார். இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பாஷி-பஸூக் என்றால் துருக்கி மொழியில் 'தலை கெட்டவன்' என்று அர்த்தம். அதாவது தலைமைக்குக் கட்டுப்படாதவன். துருக்கியின் உதுமானியப் பேரரசுக்காகச் சண்டை போட்ட இந்த வீரர்களுக்குச் சம்பளம் கிடையாது. கொள்ளையடிப்பதுதான் கூலி!

படத்தில் ஒரு கறுப்பின வீரர் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கிறார். தோளில் துப்பாக்கி. தலையில் குஞ்சம் தொங்கும் பெரிய தலைப்பாகை. உடம்பில் ரோஸ் கலர் பட்டுச் சட்டை! துணியின் மடிப்பெல்லாம் போட்டோ எடுத்த மாதிரியே இருக்கும்.

சரி, சம்பளமே இல்லாத வீரன் பட்டுச் சட்டை போட்டுக்கிட்டா சண்டைக்குப் போவான்?

விஷயம் இதுதான். ஜெரோம் 1868இல் பன்னிரண்டு வாரம் கிழக்கு நாடுகளில் பயணம் செய்தார். அங்கே வாங்கிய துணிகளைப் பாரிஸில் தன் ஸ்டுடியோவில் ஒரு மாடலுக்கு உடுத்திவிட்டு வரைந்தார். ஆக, நாம் பார்ப்பது போர்க்களம் இல்லை, வேஷம்!

இப்போது அடையாளங்களைப் படிப்போம். துப்பாக்கி வன்முறையைக் காட்டுகிறது. பட்டு ஆடம்பரத்தைக் காட்டுகிறது. கிழக்கு நாடு என்றாலே இந்த இரண்டும்தான் என்று அன்றைய ஐரோப்பியர் பலர் நினைத்தார்கள். பின்னணியில் தெரு இல்லை, கோட்டை இல்லை, வெறும் மங்கிய நிறம்தான். தலைப்பிலும் அவர் பெயர் இல்லை. ஊரும் பேரும் இல்லாததால் அந்த ஒருவரே கிழக்கு முழுவதற்கும் அடையாளமாகிவிடுகிறார்.

இப்படிப்பட்ட பார்வையைக் கேள்வி கேட்டு எட்வர்ட் சயீத் 1978இல் 'ஓரியண்டலிசம்' என்ற புத்தகம் எழுதினார். அதன் அட்டையில் வந்ததும் ஜெரோமின் இன்னொரு ஓவியம்தான்!

அதற்காக இந்தப் படத்தை ஒதுக்கிவிட வேண்டாம் என்பது என் கருத்து. அந்த முகத்தைப் பாருங்கள், எவ்வளவு கம்பீரம்! சட்டை இரவலாக இருக்கலாம். அந்தக் கம்பீரம் இரவல் இல்லை.

நம் வரலாற்றுப் புத்தகத்திலும் எத்தனையோ படங்கள் இருக்கின்றன. தத்ரூபமாக இருந்தால் உடனே உண்மை என்று நம்பிவிடாதீங்க. வரைந்தது யார்? எங்கே வைத்து வரைந்தார்? யார் பார்ப்பதற்காக? இந்த மூன்றையும் கேட்டுப் பாருங்கள். படம் உங்களோடு பேச ஆரம்பிக்கும்!