எழுத்தெண்ணும் பொறி

கட்டளைக்கலித்துறையின் அடி நேரசையில் தொடங்கின் ஒற்று நீங்க 16 எழுத்தும், நிரையசையில் தொடங்கின் 17 எழுத்தும் பெறும் என்பது யாப்பு நூலார் துணிபு. பழைய ஓலைச்சுவடிகளிலோ புள்ளி பெரும்பாலும் இடப்பெறுவதில்லை. சுவடியைப் பெயர்த்தெழுதுவோர் வேண்டுமிடத்தில் புள்ளியிட மறப்பின், ஒற்று உயிர்மெய்யாகி எழுத்துத் தொகை மிகும். ஆகவே, எழுத்தெண்ணுதல் அவர்க்கு நல்லதோர் உரைகல். 1955 இல் நிறுவப்பெற்ற பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் ஓலைச்சுவடிகளைப் பேணிவரும் நம் புதுச்சேரியில் இஃது எண்ணத்தக்க பொருளேயாம்.

பல்லாயிரம் அடிகளைக் கணினியில் உறவுநிலைத் தரவுத்தளமாக அமைத்து, அதனையே எண்ணச் செய்யலாகாதோ எனின், செய்யலாம். ஆயின் அதன் எண்ணிக்கை வேறு. போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தைத் 'தமிழ்' என்னும் சொல்லின் நீளம் யாதென வினவின், 5 என விடை தரும். யூனிகோடு முறையில் த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என்பன ஐந்து தனிக்குறிகள். நாம் மூன்றெழுத்தென்போம், ஒற்று நீக்கின் இரண்டே.

இக்குறையை நாமே தீர்த்துக்கொள்ள வழியுண்டு. 1986 இல் அமெரிக்க நாட்டுப் பெர்க்கிலியில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் என்பார் தொடங்கிய இத்தரவுத்தளம், பயன்படுத்துவோர் தம் செயற்கூறுகளைச் சேர்த்து விரித்துக்கொள்ளுமாறு அமைக்கப்பெற்றது. சி மொழியில் ஒரு செயற்கூறு எழுதுக. உயிரோ மெய்க்குறியோ வரின் ஒன்று கூட்டுக. உயிர்க்குறியையும் ஆய்தத்தையும் விடுக. புள்ளி வரின் ஒன்று கழிக்க. இவ்வளவே அதன் விதி. இதனைப் பொறிமொழியாக்கி, பகிர் நூலகமென்னும் கோப்பாகச் சேமித்து, அக்கோப்பின் பெயரையும் செயற்கூற்றின் பெயரையும் ஓர் ஆணையால் தரவுத்தளத்திற்கு அறிவித்தல் வேண்டும். பின்னர், தொகை மிக்க அடிகளை மட்டும் தருகவென ஒரே வினாவாற் கேட்கலாம்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. இச்செயற்கூறு தரவுத்தளத்திற்கு வெளியே நில்லாது, அதன் உள்ளேயே இயங்கும். நினைவகத்தில் உரிமையில்லாத இடத்தை அது தொடின், அதனை அழைத்தவர் வேலை மட்டுமன்றி, அவ்வேளை இணைந்துள்ளோர் அனைவர் வேலையும் அறுபடும். அதனாலன்றோ, சி மொழிச் செயற்கூற்றைச் சேர்க்கும் உரிமை தலைமை மேலாளர்க்கே உரியதாக வைக்கப்பட்டுள்ளது! வீட்டினுள் புகும் விருந்தினரை அறிந்தன்றோ ஏற்றல் வேண்டும்?

இனி, தொகை ஒத்துவரினும் பாடம் பிழைபடலாம் என்பதை மறவற்க. பொறி எண்ணிக் காட்டும். புள்ளி எவ்விடத்து விடுபட்டதெனப் பொருள் நோக்கித் துணிதல் தமிழ் கற்போர் கடனாம்.