அணுவின் அக்கம்பக்கம்

உங்கள் சமையலறையில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பா ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒரு முக்கோணமும் அதற்குள் 5 என்ற எண்ணும் இருந்தால் அது பாலிபுரோப்பிலீன். உருகுவதற்குச் சுமார் 160 டிகிரி சென்டிகிரேட் வேண்டும் என்பதால் கொதிக்கும் நீருக்கு அசைந்து கொடுக்காது.

ஆனால் அதே வாயுவிலிருந்து, அதே அணுக்களைக் கொண்டு, கையில் ஒட்டும் பிசின் ஒன்றையும் செய்யலாம். அதில் டப்பா செய்ய முடியாது. கோந்துக்கும் தாரில் கலக்கவும்தான் உதவும். அணுக்களின் கணக்கில் எள்ளளவும் வித்தியாசம் இல்லை. பின் எங்கே வித்தியாசம்?

பூ கட்டுபவர்களுக்கு இது எளிதில் விளங்கும். புரோப்பிலீன் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நீண்ட சங்கிலியாகின்றன. அதில் ஒன்றுவிட்டு ஒரு கார்பனில் மெத்தில் என்னும் சிறு கிளை இருக்கும். நாரில் கட்டிய பூப்போல அந்தக் கிளை இடப்பக்கமும் பார்க்கலாம், வலப்பக்கமும் பார்க்கலாம். எல்லாம் ஒரே பக்கம் பார்த்தால் ஐசோடாக்டிக். மாறிமாறிப் பார்த்தால் சிண்டியோடாக்டிக். மனம்போன போக்கில் இருந்தால் அடாக்டிக். ஒழுங்கான சங்கிலிகள் நெருங்கி அடுக்கிப் படிகமாகி உறுதி பெறும். ஒழுங்கற்றவை அடுக்க வராமல் பிசுபிசுக்கும்.

ஜெர்மனியின் கார்ல் சீக்லர் 1953-இல் கண்ட வினையூக்கியைக் கொண்டு, மிலான் நகரப் பேராசிரியர் ஜூலியோ நாட்டா 1954 மார்ச்சில் ஒழுங்கான பாலிபுரோப்பிலீனைப் பெற்றார். 1957-இல் இத்தாலியில் ஆலை உற்பத்தி தொடங்கியது. 1963-இல் இருவருக்கும் நோபல் பரிசு. இன்னொரு சுவையான செய்தி: ஐசோடாக்டிக் போன்ற பெயர்களைக் கிரேக்கச் சொற்களிலிருந்து ஆக்கித் தந்தவர் இலக்கியம் படித்த திருமதி ரோசிட்டா நாட்டா!

சரி, எந்த மைக்ராஸ்கோப்பிலும் எண்ணிப் பார்க்க முடியாத சங்கிலியில் எந்தக் கிளை எந்தப் பக்கம் என்று எப்படி அறிவது?

நம் குழந்தைகளை எண்ணிப் பாருங்கள். இரு பக்கத்து வீடும் தமிழ் வீடானால் பிள்ளையின் பேச்சு ஒரு மாதிரி. ஒரு பக்கம் மட்டும் தமிழ் வீடானால் வேறு மாதிரி. இரண்டுமே வேற்றுமொழி என்றால் முற்றிலும் வேறு. பேச்சைக் கேட்டே அக்கம்பக்கத்தைச் சொல்லிவிடலாம்.

அணுக்கருவும் அப்படித்தான். வலிய காந்தத்துக்குள் வைத்து ரேடியோ அலை செலுத்தினால் அது தன் அலைவெண்ணில் பதில் தரும். அக்கம்பக்கத்தைப் பொறுத்து அந்த அலைவெண் சற்றே விலகும். இதுவே என்.எம்.ஆர். என்னும் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு முறை. 1960-இல் அமெரிக்காவில் போவே, டியர்ஸ் இருவரும் அக்ரிலிக் பிளாஸ்டிக்கை இப்படி ஆராய்ந்தார்கள். ஒரே மெத்தில் கிளை மூன்று இடங்களில் பதில் தந்தது. இரு அண்டைக் கிளைகளும் தன் பக்கமே இருந்தால் ஒன்று. ஒன்று மட்டும் இருந்தால் ஒன்று. இரண்டும் எதிர்ப்பக்கமானால் இன்னொன்று. எந்தப் பதில் எவ்வளவு வலுவாக வருகிறதோ, அந்த அமைப்பு அவ்வளவு இருக்கிறது என்று பொருள்.

பாலிபுரோப்பிலீனுக்குக் கார்பன் அணுக்கருவே தெளிவாகப் பேசுகிறது. ஆனால் இம்முறைக்கு உதவும் கார்பன்-13, நூறு கார்பனில் சுமார் ஒன்றுதான். பலமுறை கேட்டுக் கூட்டிக் கணிக்கும் கருவிகள் வந்தபின், 1970-களில் ஐந்தைந்து கிளைகளாகச் சேர்த்துப் படிக்க முடிந்தது. ஐந்துக்கு 10 வகை வரிசைகள் உண்டு.

இதில் பெரிய பயன், பிழையின் மூலம் தெரிவதுதான். ஒரு கிளை தவறி மறுபக்கம் போய்விட்டது என்று வையுங்கள். அடுத்த கிளை பழைய பக்கத்துக்கே திரும்பினால், வரிசையைக் கட்டுப்படுத்துவது வினையூக்கி. தவறிய பக்கத்திலேயே தொடர்ந்தால், முந்தைய கிளையைப் பார்த்தே அடுத்தது அமர்கிறது. இரண்டும் நிறமாலையில் வெவ்வேறு தடம் பதிக்கும். வினையூக்கியைத் திருத்த வேண்டுமா, வேறு வழி தேட வேண்டுமா என்று வேதியியலார் அதைக் கொண்டு முடிவு செய்கிறார்கள். ஆலையில் வருவது டப்பாவா பிசினா என்பது அதில் அடங்கியிருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை பூ கட்டும்போது பிள்ளைகளை அருகில் அழைத்து உட்கார வையுங்கள். ஒரு சரத்தை ஒரே பக்கமாகவும், ஒன்றை மாற்றிமாற்றியும், ஒன்றைத் தாறுமாறாகவும் கட்டிக் காட்டுங்கள். கல்லூரி வகுப்பில் மிரட்டும் பாடம் வீட்டுக் கூடத்தில் பத்தே நிமிடத்தில் புரிந்துவிடும்.